வாயில்லாப் பிள்ளையும் பிழைக்கும்

பாட்டுக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களுக்கெல்லாம் பாட வரும் என்று வெளியே ஒரு நினைப்பு உண்டு. அந்தக் கம்பெனிக்குள் இருந்தவர்களுக்கும் அதே நினைப்புதான். கணக்குப் பார்ப்பவர் கூட்டும்போது ஒரு மெட்டுப் பாடுவார், கழிக்கும்போது சோகமாக இன்னொன்று. வாசல் காவலாளி பூட்டைத் திறப்பதற்குள் ஒரு பல்லவியை முடித்துவிடுவார். மெத்தைக் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் கம்பெனியைத் தொடங்கிய பெரிய முதலாளிக்கு இதுவே தலைவலியாகப் போயிற்று. நாலா திசையிலிருந்தும் வந்து குவிகிற ஒலிப்பதிவுகளை முதலில் கேட்டு, தேறுவது எது, தேறாதது எது என்று பிரித்துக் கொடுக்க அவருக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. யாரை உட்கார வைத்தாலும் சற்று நேரம் கேட்டுவிட்டு, "இதென்னங்க பாட்டு, இதையே நான் பாடுறேன் கேளுங்க" என்று தொண்டையைக் கனைத்தார்கள்.

கடைசியில், தொலைபேசி எடுக்கப் புதிதாகச் சேர்ந்திருந்த பெண்ணைக் கூப்பிட்டார்.

"உனக்குப் பாட வருமா?"

"வராதுங்க."

"சும்மா முணுமுணுக்கவாவது?"

"அதுவும் வராதுங்க. பள்ளிக்கூடத்துல எல்லாரும் சேர்ந்து பாடும்போது, நீ வாய மட்டும் அசைச்சா போதும்னு டீச்சர் சொல்லிட்டாங்க."

பெரிய முதலாளி எழுந்து கும்பிடாத குறை. "நீதாம்மா எனக்கு வேணும். இந்தா, மாட்டிக்க" என்று ஹெட்போனை அவள் தலையில் அவரே மாட்டிவிட்டார்.

அன்று மாட்டியதுதான். அவள் தலை நரைத்தது. பெரிய முதலாளி போய் அவர் மகன் சின்ன முதலாளி வந்தார். அவருக்கும் முன்மண்டையில் முடி போயிற்று. ஆனால் அவர் சின்ன முதலாளியாகவே இருந்தார். தபாலில் வந்துகொண்டிருந்த பதிவுகள் கணினியில் வரத் தொடங்கின. அவள் மட்டும் அதே ஜன்னலோர நாற்காலியில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். எப்போது அவள் காதக்கா ஆனாள் என்று யாருக்கும் நினைவில்லை. சம்பளச் சீட்டில்கூட ஒருமுறை அப்படித்தான் அச்சாகி வந்தது. அவள் திருத்தச் சொல்லவில்லை.

இந்த வேலையில் உள்ள ஆபத்தை யாரும் அவளுக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. கேட்பதுதான் அவள் பிழைப்பு என்று தெரிந்துவிட்டால் போதும், உலகமே அவள் முன்னால் வாயைத் திறந்தது. பேருந்து நடத்துநர் சில்லறையோடு சேர்த்து நாலு வரி கொடுத்தார். குழாய் ரிப்பேருக்கு வந்தவர் குழாய்க்கு அடியிலிருந்து பாடினார். பல் டாக்டர்தான் எல்லோரிலும் கெட்டிக்காரர். அவள் வாயைத் திறக்கச் சொல்லி, பஞ்சையும் குழாயையும் உள்ளே வைத்த பிறகுதான், "நானும் கொஞ்சம் பாடுவேன். பிடிக்கலைன்னா தாராளமா சொல்லுங்க" என்று ஆரம்பித்தார். அவளால் "ஆ" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. அதை அவர் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சரணத்துக்குப் போனார்.

ஆகவே காதக்காவுக்குப் பாடுகிற குரல் என்றால், சமையல்காரனுக்குச் சாப்பாட்டு வாசனை மாதிரி ஆகிவிட்டது. வெறுப்பில்லை, ஆனால் வீட்டுக்கு வந்தால் வேண்டாம். வீட்டில் எப்போதாவது எதையாவது கேட்டாள் என்றால் அது வாத்தியமாக இருக்கும். வாத்தியம் யாரையும் காதலிப்பதாகச் சொல்லி உயிரை வாங்காது. ஏன் விட்டுப் போனாய் என்று திரும்பத் திரும்பக் கேட்காது.

அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். தன்மையான மனிதர். கண்ணைப் பற்றி ஒன்று, வானிலையைப் பற்றி ஒன்று என்று நாளுக்கு இரண்டு பேச்சுப் பேசுவார். "வீட்ல ஒரு ஆளு கண்ணு, ஒரு ஆளு காது. வாய்க்கு ஆள் இல்லையேன்னு ஆண்டவன் எங்கக்காவ மாடில குடி வச்சான்" என்று நண்பர்களிடம் சொல்வார், அக்கா பக்கத்தில் இல்லையென்று உறுதி செய்துகொண்டபிறகு.

மாடி வீட்டில் இருந்த அந்த நாத்தனாருக்கும் காதக்காவுக்கும் நடுவில் ஒரு பழைய கசப்பு. கல்யாணமாகி வந்த புதிதில், உறவெல்லாம் கூடியிருந்த ஒரு நாளில், நாத்தனார் ஒரு பாட்டுப் பாடினார். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் நேராகப் புது மருமகளைப் பார்த்து, "நீதான் கம்பெனியில கேக்குறவளாச்சே, நீ சொல்லும்மா" என்றார். பாவம், அவளுக்கு வயது குறைவு. நாள் முழுக்க அலுவலகத்தில் சொல்லிச் சொல்லிப் பழகிய சொல், யோசிப்பதற்கு முன்பே வாயிலிருந்து விழுந்துவிட்டது.

"தேறாது அண்ணி."

அதற்குப் பிறகு நாத்தனார் அவளோடு நேராகப் பேசுவதை விட்டுவிட்டார். சண்டையில்லை. உடம்பு சரியில்லை என்றால் கஞ்சி வரும், மாடியில் தண்ணீர் நின்றால் கீழிருந்து வாளி போகும். ஆனால் பேச்சு மட்டும் தம்பி வழியாகத்தான். காதக்கா எதிரிலேயே உட்கார்ந்திருப்பாள். "டேய், உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, ஜன்னல சாத்த வேண்டாம்னு." அவர் திரும்பி, "ஜன்னல சாத்த வேண்டாமாம்" என்பார். "காத்து வரட்டும்னு அண்ணிகிட்ட சொல்லுங்க" என்பாள் இவள். கண்ணாடிக்காரர் இருபக்கமும் பார்க்கிற கண்ணாடி மாதிரி நடுவில் உட்கார்ந்து தேய்ந்தார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒருநாள் காலை, கம்பெனியில் அவள் திறந்த ஒரு பதிவில் யாரும் பாடவில்லை.

முதலில் தண்ணீர்ச் சத்தம். எங்கோ பெரிய கூடத்தில் தண்ணீர் சுவரில் மெல்ல மோதுகிற சத்தம். பிறகு ஒரு செல்லோ. செல்லோ என்பது வயலினுக்குப் பெரியப்பா. உட்கார்ந்துகொண்டு, காலிடுக்கில் நிறுத்தி வாசிக்க வேண்டும். குரலும் பெரியப்பா குரல்தான், அடிவயிற்றிலிருந்து வரும். அது அவசரமில்லாமல் ஒரு மெட்டைச் சொல்லிக்கொண்டு போனது. அந்தக் கூடம் அதைத் திருப்பிச் சொன்னது. காதக்கா வழக்கமாகக் கேட்டுக்கொண்டே டீ குடிப்பாள். அன்று டீயில் ஆடை படர்ந்துவிட்டது.

அதைச் சின்ன முதலாளியிடம் கொண்டுபோனாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து கேட்டார். முகத்தில் நல்ல எதிர்பார்ப்பு தெரிந்தது. கொஞ்ச நேரம் போயிற்று. ஒரு கண்ணைத் திறந்தார்.

"நல்லா இருக்கு காதக்கா. பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?"

"இதுதாங்க பாட்டு."

"சரி சரி, ஆனா பாடுறவங்க எப்ப வருவாங்க?"

"வரமாட்டாங்க."

அவர் மறுகண்ணையும் திறந்தார். ரயில் வராது என்று பிளாட்பாரத்தில் சொல்லக் கேட்டவர் போல இருந்தது அந்தப் பார்வை.

சின்ன முதலாளி கெட்டவர் இல்லை. அவர் அப்பாவிடமிருந்து கம்பெனியோடு சேர்த்து ஒரு பழமொழியையும் வாங்கியிருந்தார்: வாயுள்ள பிள்ளை பிழைக்கும். அதை வைத்துத்தான் அவர் வியாபாரமே செய்தார். "இங்க பாருங்க. பாட்டுல வாய் இருந்தா ஜனங்க கூடவே முணுமுணுப்பாங்க. வார்த்தை இருந்தா பேர் சொல்லி கேப்பாங்க. இத எப்படி கேப்பாங்க? ‘அந்த ஊஊ...ன்னு போகுமே, அதக் குடுங்க’ன்னா? பாடுறவங்க மூஞ்சிய அட்டையில போடலாம். செல்லோ மூஞ்சிய எங்கன்னு தேடுறது? நாலு பேட்டி குடுக்குமா, மேடையில சிரிக்குமா?"

"மொழி தெரியாதவங்களுக்கும் புரியுங்க," என்றாள் காதக்கா. "துணிக் கடை, ஆஸ்பத்திரி, ஹோட்டல், எங்க வேணா போடலாம். வார்த்தை பழசாயிடும், இது ஆகாது."

"வாயில்லாப் பிள்ளைக்கு நீங்கதான் வக்கீலு" என்று சிரித்தார் அவர். ஆனால் அத்தனை வருடத்தில் அவள் ஒன்றுக்காக வாதாடி அவர் பார்த்ததில்லை. அது அவர் மனதில் பட்டது. "சரி, ஒரு வழி சொல்றேன். மெட்டு அப்படியே இருக்கட்டும், மேல நம்ம தேன்குரல பாட விடுவோம். அந்த ஆள் ஒத்துக்குறாரான்னு நீங்களே போய் கேட்டுட்டு வாங்க."

தேன்குரல் என்பது அந்தக் கம்பெனியின் பெயர்பெற்ற பாடகி. மைக்கைத் தவிர வேறு எதற்கு முன்னாலும் வாயைத் திறக்கமாட்டார், அவ்வளவு சிக்கனம்.

செல்லோக்காரர் ஒரு பொது நீச்சல் குளத்தில் காவலர். குளம் திறப்பதற்கு முன், ஆளில்லாத நேரத்தில் கரையில் நாற்காலி போட்டு வாசித்துப் பதிவு செய்திருக்கிறார். காதக்கா அங்கே போனபோது குளோரின் நெடியும் குழந்தைகளின் கூச்சலும் சேர்ந்து அடித்தன. வார்த்தையே இல்லாமல் வாசிக்கிறவர், பேசாத மனிதராக இருப்பார் என்று நினைத்துக்கொண்டு போனாள். தப்பு. அவர் பிடித்துக்கொண்டால் விடமாட்டார்.

"உக்காருங்க உக்காருங்க, அங்க வேண்டாம், ஈரம், இங்க உக்காருங்க. நீங்க கேட்டீங்களா? முழுசா கேட்டீங்களா? டேய், ஓடாத! பாருங்க, நாள் முழுக்க இதுதான். ஓடாத, குதிக்காத, தள்ளாத. சொன்னா யாராவது கேக்குறாங்களா? பத்து வார்த்தை சொன்னா ஒரு வார்த்தை கேக்குறதில்ல. விசில் ஊதுனா உடனே நிக்குறாங்க. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது, வார்த்தைக்கு மதிப்பே இல்ல. ஏம்மா, தங்கச்சிய தண்ணில அமுக்காத! அதான் செல்லோவுக்கு வார்த்தை வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேன்..."

அவர் மூச்சு வாங்கிய இடைவெளியில் காதக்கா வந்த விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் சுருங்கியது.

"மேல ஒருத்தர் பாடுவாங்களா? நான் பேசும்போது யாராவது குறுக்க பேசுனாலே எனக்கு ஆகாதுங்க."

அது அவளுக்கும் புரிந்திருந்தது. இருந்தாலும் வேலை வேலைதான். பேசிப் பேசி, கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். தேன்குரல் பாடியது ஒன்று, யாரும் பாடாத வெறும் செல்லோ ஒன்று, இரண்டும் ஒரே நாளில் வெளிவர வேண்டும். சின்ன முதலாளி இதைக் கேட்டுவிட்டு, "போட்டுட்டுப் போவோம், காய்கறி வாங்குனா கறிவேப்பிலை குடுக்குறதில்லையா" என்றார்.

பாட்டை எழுதியது சின்ன முதலாளியின் மைத்துனர். குளத்தில் பதிவானது என்று கேள்விப்பட்டதும் அவருக்குக் கற்பனை பொங்கிவிட்டது. "நீயில்லா நான் நீரில்லாக் குளம்" என்று தொடங்கி, தவளை வரைக்கும் இறங்கிப் போனார். தவளையைக் காதக்கா கெஞ்சி எடுக்கவைத்தாள். தேன்குரல் வந்தார், பாடினார், ஒரு வார்த்தை பேசாமல் போனார். நன்றாகத்தான் பாடினார். அதுதான் காதக்காவுக்கு வருத்தம். மோசமாகப் பாடியிருந்தால் சொல்வதற்கு ஏதாவது இருந்திருக்கும்.

இரண்டும் வெளிவந்தன. தேன்குரலின் பாட்டு அடித்துக்கொண்டு போனது. கொஞ்ச நாள் எல்லா டீக்கடையிலும் நீரில்லாக் குளம்தான். சின்ன முதலாளி கூப்பிட்டு, "என்ன வக்கீலம்மா, உங்க கட்சிக்காரர் எப்படி இருக்காரு?" என்று விசாரித்தார். வெறும் செல்லோவைக் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் பாதி, குளத்துக்காரரே திரும்பத் திரும்பக் கேட்டது. காதக்கா வாயை மூடிக்கொண்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

பிறகு வேறு பாட்டு வந்தது, அதற்கடுத்து இன்னொன்று. நீரில்லாக் குளம் வற்றிவிட்டது. அப்போதுதான் கணக்குப் பார்ப்பவர், கூட்டல் மெட்டை உரக்கப் பாடிக்கொண்டு, முதலாளி அறைக்குள் போனார். யாரும் சீந்தாமல் கிடந்த வெறும் செல்லோ மெல்ல மேலே ஏறிக்கொண்டிருந்தது. ஏறியது இறங்கவில்லை. தேன்குரலின் பாட்டைத் தாண்டியது. கம்பெனியில் அந்த ஆண்டு வந்த எல்லாவற்றையும் தாண்டியது.

சின்ன முதலாளி எல்லோரையும் கூட்டி வைத்து உரையாற்றினார். ஜனங்களின் ரசனை உயர்ந்துவிட்டதாம். வார்த்தைகளின் இரைச்சலில் களைத்த மனித மனம் தூய நாதத்தைத் தேடுகிறதாம். இதை அவர் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தாராம். "வாயில்லாப் பிள்ளையும் பிழைக்கும்னு நான் அப்பவே காதக்காகிட்ட சொன்னேன்" என்று அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் மறுக்கவில்லை. ஜெயித்தவள் பெருந்தன்மையாக இருக்கலாம் என்று நினைத்தாள். அன்று மாலை கணவரிடம், வயலினுக்குப் பெரியப்பாவான அந்தச் செல்லோவைப் பற்றி அவள் வழக்கத்துக்கு மாறாக நிறையப் பேசினாள். மாடிப்படியில் காலடிச் சத்தம் நின்று கேட்டதை அவள் காது கவனித்தது. பொருட்படுத்தவில்லை.

ஆனால் அவள் ஜெயிக்கவில்லை என்பது அடுத்த வாரமே தெரிந்துபோயிற்று.

காலையில் வந்த பதிவுகளைத் திறந்தாள். தண்ணீர்ச் சத்தம். செல்லோ. அட, நம்ம பிள்ளை என்று முகம் மலர்ந்தது. உடனே அதன்மேல் ஓர் ஆண் குரல், "என்னைப் பெத்த தாயே" என்று ஆரம்பித்தது. அடுத்ததைத் திறந்தாள். தண்ணீர், செல்லோ, ஒரு பெண், பிரிந்துபோன தோழியைப் பற்றி. அடுத்தது, சைக்கிளைத் தொலைத்த ஒருவர். அடுத்தது கணவனும் மனைவியும் மாற்றி மாற்றி, பாட்டா வாக்குவாதமா என்று பிரிக்க முடியவில்லை. பல் டாக்டரும் அனுப்பியிருந்தார்.

ஜனங்கள் அந்தச் செல்லோவை எதற்காக வாங்கினார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கிற்று. தூய நாதமும் இல்லை, ஒன்றும் இல்லை. நடுவில் வேறு யாரும் பாடாமல் இடம் காலியாக இருந்தது. அவரவர் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

சின்ன முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். மறுபடி ஒரு கூட்டம் போட்டு, முந்தைய உரையை அப்படியே கவிழ்த்துப் போட்டார். "பாத்தீங்களா, கடைசில வாய்தான்! வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு எங்கப்பா சும்மாவா சொன்னாரு?" கணக்குப் பார்ப்பவர் மட்டும், "அப்ப வித்தது எதுங்க, வாயா வாத்தியமா? நான் எந்தப் பக்கம் எழுதுறது?" என்று கேட்டார்.

காதக்காவுக்கு ஒரே கவலை குளத்துக்காரரைப் பற்றித்தான். தன் பேச்சில் யாரும் குறுக்கிடக்கூடாது என்ற மனிதர். அவர் பேச்சுக்கு மேலே இப்போது ஊரே ஏறி உட்கார்ந்திருக்கிறது. வேறு யாரோ சொல்லி அவர் தெரிந்துகொள்வதைவிடத் தானே சொல்லிவிடலாம் என்று கிளம்பிப் போனாள். குளம் மூடும் நேரம். அவர் மிதவைக் கயிறுகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவள் ஒன்றும் விளக்காமல், போனில் வரிசையாக ஐந்தாறைப் போட்டுக் காட்டினாள். சைக்கிள் தொலைத்தவர் பாடும்போது அவர் கயிற்றைக் கீழே போட்டார்.

அவள் அவரைப் பார்த்த நாளிலிருந்து முதல்முறையாக அவர் பேசாமல் இருந்தார். அவளுக்குப் பயமாகப் போயிற்று.

"கோவமாங்க?"

"இல்லங்க..." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இவ்வளவு பேரும் எங்கூடவா பாடுறாங்க? நான் தனியா வாசிச்சிட்டிருக்கேன்னுல்ல நினைச்சேன்." பிறகு, "அந்த சைக்கிள்காரருக்கு சைக்கிள் கிடைச்சுதா?" என்று கேட்டார். கேட்டவர் நிறுத்தவில்லை. தன் முதல் சைக்கிள் தொடங்கி, குளத்துக்கு வருகிறவர்கள் நிறுத்துகிற சைக்கிள்கள், பூட்டு வகைகள் என்று அவர் பேசி முடித்தபோது அவள் ஏறவேண்டிய பேருந்து போய், அடுத்ததும் போயிருந்தது.

பதிவுகள் வந்துகொண்டே இருந்தன. அவள் எல்லாவற்றையும் கேட்டாள். அது அவள் வேலை. ஒரு நாள் பகலில், அனுப்பியவர் பெயரே இல்லாத ஒன்றைத் திறந்தாள். தண்ணீர், செல்லோ, நடுத்தர வயதைத் தாண்டிய ஒரு பெண்குரல். அடக்கி, யாருக்கும் கேட்டுவிடக்கூடாது என்று பாடுகிற குரல். வார்த்தைகள் சாதாரணமானவை. வீடு, படிக்கட்டு, கீழே எரிகிற விளக்கு. இரண்டாவது வரியிலேயே சுருதி நழுவியது. காதக்காவின் விரல் பழக்கத்தில் அடுத்ததுக்குப் போகும் பொத்தானைத் தேடியது.

அப்போது பதிவில் ஒரு கதவு கிறீச்சிட்டது.

அந்தக் கிறீச்சல் அவளுக்குத் தெரியும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எண்ணெய் போடச் சொல்லி அவள் கேட்டுக்கொண்டிருக்கும் அவளுடைய சொந்தச் சமையலறைக் கதவு. அதைத் தொடர்ந்து, சத்தம் போடாமல் இருக்க முயல்கிற ஓர் ஆணின் இருமல். அந்த இருமலும் அவளுக்குத் தெரியும். அவள் இல்லாத நேரத்தில், அவள் சமையலறையில், அக்காவைப் பாட வைத்து, போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார் கண்ணாடிக்காரர்!

விரல் பொத்தானிலிருந்து விலகியது. அவள் கடைசி வரைக்கும் கேட்டாள். நாத்தனாரின் சுருதி மூன்று இடத்தில் போயிற்று. போன ஒவ்வொரு முறையும், கொஞ்சம் நின்று, செல்லோ வரும்வரை காத்திருந்து, அதன் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தது. கீழே எரிகிற விளக்கு யாருடையது என்று காதக்கா யோசித்தாள். படிக்கட்டின் மேற்படியில் உட்கார்ந்தால் தங்கள் வீட்டு முன்னறை விளக்குத்தான் தெரியும் என்பது நினைவுக்கு வந்தது. ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அன்று அதற்குப் பிறகு அவள் எதையும் திறக்கவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டாள்.

கணவர் கடையிலிருந்து வந்திருந்தார். நாத்தனார் தம்பிக்கு எதையோ சொல்லிக்கொண்டு சமையலறை வாசலில் நின்றிருந்தார். காதக்கா உள்ளே வந்ததும் பேச்சு நின்றது.

"இன்னைக்கு ஒண்ணு வந்துச்சு" என்றாள் காதக்கா, செருப்பைக் கழற்றிக்கொண்டே. "பேர் போடல."

கண்ணாடிக்காரர் அவசரமாகத் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். நாத்தனார் சுவரைப் பார்த்து, "டேய், உன் பொண்டாட்டிகிட்ட கேளு, யார் அனுப்புனதாம்னு" என்றார்.

"யாரோ அனுப்..." என்று கண்ணாடிக்காரர் திரும்பினார்.

"நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் காதக்கா. பிறகு நேராக நாத்தனாரைப் பார்த்தாள். "கதவுக்கு எண்ணெய் போட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது, அண்ணி."

நாத்தனார் தம்பியை ஒரு முறை முறைத்தார். தம்பி கதவை முறைத்தார். பிறகு, அத்தனை வருடத்தில் முதல்முறையாக, நடுவில் ஆள் இல்லாமல் கேள்வி வந்தது.

"தேறுமா?"

காதக்காவுக்குப் பொய் சொல்ல ஆசையாக இருந்தது. ஆனால் கால் நூற்றாண்டாக ஒரே வேலையைப் பார்த்தவளுக்கு அது அவ்வளவு சுலபமில்லை.

"தேறாது, அண்ணி. ரெண்டாவது வரியிலயே சுருதி போகுது."

நாத்தனாரின் முகவாய் இறுகியது. மாடிப்படிப் பக்கம் ஓர் அடி வைத்தார்.

"ஆனா நான் நிறுத்தல," என்றாள் காதக்கா. "நல்லா பாடுறவங்களையே பாதில நிறுத்திடுவேன். இதக் கடைசி வரைக்கும் கேட்டேன். அப்புறம் வேற எதையும் கேக்கப் பிடிக்கல, வீட்டுக்கு வந்துட்டேன். அது ஏன்னு எனக்குச் சொல்லத் தெரியல."

நாத்தனார் நின்றார். திரும்பினார். "எந்த இடத்துல போகுது?"

"படிக்கட்டுல."

"படிக்கட்டுலயா? அந்தப் பெரியப்பா அங்க கீழ இறங்குறாரு, நான் மேல ஏற வேண்டியிருக்கு. அது என் தப்பா? நீ அந்த ஆளுகிட்ட சொல்லி..." என்று தொடங்கியவர், தான் யாரிடம் நேராகப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதை உணர்ந்து பாதியில் நிறுத்தினார். ஆனால் வெளியே வந்த பேச்சு உள்ளே போகுமா? மூக்கை உறிஞ்சிவிட்டு, அங்கிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். காதக்கா அடுப்பைப் பற்றவைத்து டீக்குத் தண்ணீர் வைத்தாள். தனக்கு இனி வேலையில்லை என்று தெரிந்ததும் கண்ணாடிக்காரரின் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்திருக்க வேண்டும். இத்தனை வருடச் சுமையை இறக்கிவைத்த மனிதர் நேராகப் போய்ச் சோபாவில் நீட்டிப் படுத்துவிட்டார்.

டீ வந்தது. இரண்டு பெண்களும் குடித்தார்கள். சர்க்கரை அதிகம் என்று நாத்தனார் நேராகவே சொன்னார். காதக்கா போனை மேசைமேல் வைத்து, அந்தச் செல்லோவைப் போட்டாள். முன்னறை வரைக்கும் தண்ணீர்ச் சத்தம் நிறைந்தது.

"இப்ப ஒரு தடவை பாடுங்களேன், அண்ணி. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"இப்பவா?" நாத்தனார் தொண்டையைத் தடவிக்கொண்டார். கம்பெனியின் பெரிய பெரிய பாடகிகளிடம் காதக்கா பார்த்திருந்த அதே பிகு அந்த முகத்தில் வந்து உட்கார்ந்தது. "கூப்பிட்ட உடனே பாட நான் என்ன ரேடியோவா? தொண்டை வேற சரியில்ல. காலையில தயிர் சாப்பிட்டேன். நாளைக்குப் பாப்போம்."

"சரி அண்ணி, நாளைக்கே..." என்று காதக்கா போனை நிறுத்தக் கையை நீட்டினாள்.

"நிறுத்தாத, நிறுத்தாத" என்றார் நாத்தனார். புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, இன்னொரு முறை கேட்பதற்குள் முதல் வரியை ஆரம்பித்துவிட்டார்.